வண்டி செக்கானூரணி தாண்டாது!

மதுரையிலிருந்து தேனி ரோட்டில் கிளம்பினால் முதல் பதினைந்து கிலோமீட்டர் ராஜா மாதிரி ஓடும். டப்... டப்... டப் என்று அந்தச் சத்தத்தைக் கேட்டு ரோட்டோரம் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்புறம் லேசாக ஒரு இருமல். ஒரு குலுக்கல். செக்கானூரணி வந்ததும் மூச்சை விட்டுவிடும். அரைமணி நேரம் புளியமரத்து நிழலில் நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து உதைத்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

நாலு ஞாயிற்றுக்கிழமை, நாலு தடவை, அதே கதை. அஞ்சாவது வாரம் தூரத்தில் சத்தம் கேட்டதுமே டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்!

வண்டி 1972 மாடல் புல்லட் 350. வண்டிக்காரர் ஐம்பது வயதுக்காரர், ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். தெருவில் எல்லாருக்கும் அவர் 'கணக்கு சார்'. வண்டியை வாங்கியது அவருடைய அப்பா. பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர், வைகை அணைப் பக்கம் பல வருஷம் டியூட்டி. வாரக்கடைசியில் மதுரைக்கு வந்து போனதெல்லாம் இந்த வண்டியில்தான். கணக்கு சார் சின்னப் பையனாக இருந்தபோது பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து அணையைப் பார்க்கப் போயிருக்கிறார்.

2011-ல் அப்பாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கிக்கரை உதைக்க முடியவில்லை. சைலன்சரில் புகையும் வர ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் வண்டியை வீட்டுச் சந்தில் தள்ளிவிட்டுச் சாக்கைப் போட்டு மூடிவிட்டார். அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

இப்போது அவருக்கு எண்பது. முழங்கால் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சும்மா சொல்கிற மாதிரி சொன்னார்: "அந்த வண்டியில ஒரு தடவ அணைக்குப் போயிட்டு வந்திருக்கலாம்."

அவ்வளவுதான். மறுநாள் கணக்கு சார் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யை முதிர்வுக்கு முன்பே முடித்துப் பணத்தை எடுத்தார். வீட்டம்மாவிடம் சொல்லவில்லை. (அந்தக் கதை தனி.)

புல்லட்டைப் பிரித்து வேலை பார்க்க ஒரு வசதி உண்டு. 1955-ல் மெட்ராஸில் தயாரிக்க ஆரம்பித்த வண்டி இது. திருவொற்றியூர் தொழிற்சாலைதான் இதன் பழைய வீடு. இங்கிலாந்தில் இதைப் பெற்றெடுத்த கம்பெனி 1970 வாக்கில் மூடப்பட்டுவிட்டது. ஆனால் இங்கே அந்த வார்ப்பிரும்பு சிலிண்டர் இன்ஜின் பெரிய மாற்றம் இல்லாமல் பல பத்து வருஷம் வந்துகொண்டே இருந்தது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. அதனால் அரை நூற்றாண்டு பழைய வண்டிக்கும் ஸ்பேர் கிடைக்கும்.

கிடைக்கிறது என்பதுதான் ஆபத்தும்கூட! அது பின்னால் வரும்.

சிலிண்டரைப் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடும் வேலையை லேத்துக்காரரிடம் கொடுத்தார். மற்ற எல்லாவற்றையும் தானே செய்தார். பிஸ்டன், ரிங், வால்வு வேலை, எல்லா கேஸ்கட்டும் புதுசு. பாயிண்ட், கண்டென்சர், காயில், பிளக் புதுசு. கார்புரேட்டர் கிட் புதுசு. கழற்றின பழைய சாமான்களைக் குப்பையில் போடச் சொல்லி ஒரு பேப்பரில் கொட்டி வைத்தார். மூன்று மாதம் வாசல் திண்ணையே ஒர்க் ஷாப். அப்பா ஈசிசேரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். எதுவும் சொல்ல மாட்டார்.

ஒரு விஷயத்தை மட்டும் கணக்கு சார் முதல் தடவையே சரியாகச் செய்தார். புதிதாகக் கட்டிய இன்ஜினில் ஆயில் பம்ப்பும் குழாய்களும் காய்ந்து கிடக்கும். அப்படியே ஸ்டார்ட் செய்து ஓடவிட்டால் புது பேரிங்கெல்லாம் ஆயில் இல்லாமல் தேயும். அதனால் ஃபில்டர் அறையை ஆயிலால் நிரப்பி, ஸ்டார்ட் ஆனதும் மேலே ராக்கருக்குப் போகும் குழாயின் போல்ட்டைக் கொஞ்சம் லூஸ் பண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே ஆயில் கசிந்தால் சுற்றி வருகிறது என்று அர்த்தம். கசியாவிட்டால் உடனே ஆஃப் செய்துவிட வேண்டும். கசிந்தது. ஆனால் அந்தக் கட்டத்துக்கு வருவதற்கு முன்னால் அவர் காலே போகப் பார்த்தது!

முதல் உதையில் கிக்கர் திருப்பி அடித்தது. புல்லட்காரர்களுக்கு இந்த வலி தெரியும். பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும் முன்பே நெருப்பு பற்றிவிட்டால், இன்ஜின் பின்பக்கம் சுற்றி, கிக்கர் மொத்த வேகத்தோடு காலுக்குத் திரும்பி வரும். டைமிங்கைக் கண்ணளவில் வைத்ததன் கூலி அது. கணுக்கால் வீங்கி ஒரு வாரம் ஆபீஸுக்கு செருப்போடு போனார்.

வீக்கம் வடிந்ததும் முறையாக உட்கார்ந்தார். பிளக் துவாரத்தில் ஒரு கம்பியை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 0.8 மில்லிமீட்டர் கீழே இறக்கி, அந்த இடத்தில் பாயிண்ட் அப்போதுதான் வாய் திறக்கிற மாதிரி வைத்தார். திறக்கிறதா என்று பார்க்க மெல்லிய பேப்பர் துண்டு போதும். பாயிண்ட் நடுவில் வைத்து லேசாக இழுத்துக்கொண்டே இருந்தால், திறக்கும் நொடியில் பேப்பர் கையோடு வந்துவிடும். அதற்கு முன்னால் பாயிண்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இடைவெளியை அப்புறம் மாற்றினால் டைமிங்கும் சேர்ந்து மாறிவிடும். எது முதல், எது பின் என்ற வரிசையிலேயே பாதி வேலை இருக்கிறது.

வண்டி ஸ்டார்ட் ஆனது. தெருவே கூடிவிட்டது. அப்பா சேரிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தார். வீட்டம்மா, "என்னங்க, நல்லாத்தானே ஓடுது?" என்றார்கள்.

ஓடியது. செக்கானூரணி வரைக்கும்!

இங்கேதான் கணக்கு சார் ஒரு கணக்கர் செய்யக் கூடாத தப்பைச் செய்தார். முதல் ஞாயிறு நின்றதும் வீட்டுக்கு வந்து ஒரே நாளில் பிளக்கை மாற்றினார், கார்புரேட்டர் ஊசியை ஒரு பள்ளம் ஏற்றினார், டேப்பட்டைத் திரும்ப வைத்தார். அடுத்த ஞாயிறு கொஞ்சம் நன்றாக ஓடிய மாதிரி இருந்தது, ஆனாலும் நின்றது. மூன்றில் எது நல்லது செய்தது, எது கெட்டது செய்தது? தெரியாது. அதற்கடுத்த வாரம் இன்னும் மூன்று மாற்றம். நாலாவது வாரம், "ஓடாம இருந்தாலும் நல்லா இருந்த வண்டி, ஓட வைக்கப் போய்க் கெடுத்துட்டேன்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். ஆபரேஷனுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது.

அடுத்த தெருவில் ஒரு பாய் இருக்கிறார். நாற்பது வருஷம் மெக்கானிக். கண் சரியில்லாததால் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வீட்டில் இருப்பவர். அவரைப் போய்க் கூப்பிட்டார்.

பாய் வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "நான் தொட மாட்டேன் சார். நீங்க தொடுங்க, நான் கேக்குறேன்" என்றார்.

ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காதைக் கொடுத்தார். ஐடிலிங் ஏறி ஏறி இறங்கியது. "ஆயில் கேன எடுங்க. கார்புரேட்டரும் ஹெட்டும் சேர்ற எடத்துல சுத்தி ஒரு சொட்டு விடுங்க." விட்டார். ஒரு பக்கத்தில் விட்ட ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டு, சத்தம் சட்டென்று மாறியது. அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. நட்டை அளவுக்கு மீறி முடுக்கியதில் கார்புரேட்டரின் வாய் வளைந்திருந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் எமரி பேப்பரை வைத்து அதைத் தேய்த்துச் சமமாக்கினார். ஐடிலிங் நின்று நிதானமானது.

ஆனால் பிளக் கரியாகப் போனது! ஏன்? வெளிக்காற்று அதிகமாகப் போனதால் கலவை மெலிந்திருந்தது. அது தெரியாமல் அவர் ஊசியை ஏற்றிப் பெட்ரோலைக் கூட்டியிருந்தார். இப்போது ஓட்டை அடைபட்டதும் கூட்டிய பெட்ரோல் மட்டும் மிச்சம்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குமே... ஆமாம், ஈடுசெய் பிழைகள்! ஒரு பக்கம் நூறு ரூபாய் குறைவு, இன்னொரு இடத்தில் அதே பக்கம் நூறு ரூபாய் அதிகம். இருப்பாய்வு அழகாக டேலி ஆகும். கணக்கு மட்டும் தப்பு. டேலி ஆகிவிட்டது என்பதற்காகக் கணக்கு சரி என்று சொல்ல முடியாது என்பதை முப்பது வருஷமாக ஜூனியர் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். தன் வண்டியில் அதையே செய்து வைத்திருந்தார்.

பாய் சொன்னது ஒரே வார்த்தை: "ஒரு தடவைக்கு ஒண்ணு சார்."

அன்று ராத்திரி கணக்கு சார் ஒரு நீளநோட்டை எடுத்தார். நடுவில் கோடு போட்டார். இடது பக்கம் 'செய்தது', வலது பக்கம் 'நடந்தது'. ஒரு வரிக்கு ஒரு மாற்றம்தான். வண்டி நின்றதும் டீ குடிக்கப் போவதையும் நிறுத்தினார். நின்ற அந்த நிமிஷத்தில்தானே தப்பு தப்பாக இருக்கும்? ஆறின பிறகு பார்த்தால் எல்லாம் யோக்கியமாகத்தான் தெரியும்.

நோட்டில் இப்படி எழுதியிருந்தார்:

செய்தது: பெட்ரோல் மூடியை லூசாக வைத்து ஓட்டியது. (மூடியின் காற்று ஓட்டை அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்காமல் நிற்கும்.)
நடந்தது: அதே இடத்தில் நின்றது. மூடி மேல் தப்பில்லை.

செய்தது: நின்ற உடனே கார்புரேட்டர் ட்யூபைக் கழற்றியது.
நடந்தது: பெட்ரோல் தாராளமாகக் கொட்டுகிறது.

செய்தது: நின்ற உடனே கிக்கரைக் கையால் அழுத்தியது.
நடந்தது: சுலபமாக இறங்குகிறது, கம்ப்ரஷனும் தெரிகிறது. புது பிஸ்டன் சூட்டில் பிடிக்கவில்லை. (பெரிய நிம்மதி!)

செய்தது: நின்ற உடனே பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்து உதைத்தது.
நடந்தது: ஸ்பார்க் மஞ்சளாக, நூல் மாதிரி. அரைமணி கழித்து அதே பிளக்கில் நீலமாக, பட்டென்று.

இந்த நாலாவது வரியில் காத்து, பெட்ரோல், கம்ப்ரஷன் மூன்றும் விடுதலை. மிஞ்சியது கரண்ட். அதுவும் சூடானால் மட்டும் கெடுகிற கரண்ட்.

நோட்டைப் பாய்க்குப் படித்துக் காட்டினார். பாய் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அப்பா இந்த வண்டிய நிறுத்தி வச்சப்ப கரண்ட்டுல கோளாறு இருந்துச்சா?"

"இல்ல பாய். புகைதான் வந்துச்சு. உதைக்க முடியல, அவ்வளவுதான்."

"அப்ப கரண்ட்டுல நீங்க என்னென்ன மாத்துனீங்க?"

"எல்லாத்தையும்."

"ஏன்?"

கணக்கு சாருக்குப் பதில் இல்லை. "புதுசு போட்டா நல்லதுதானே..." என்று இழுத்தார்.

பாய் சிரித்தார். "பழசு நாப்பது வருஷம் ஓடி, தான் நல்ல சாமான்னு காமிச்சிருச்சு. புதுசு இன்னும் எதையும் காமிக்கல. வேல பாத்த வண்டியில கோளாறு வந்தா புதுசத்தான் மொதல்ல சந்தேகப்படணும்."

வாசல் லைட்டை அணைத்துவிட்டு, பாயிண்ட் மூடியைக் கழற்றி, இன்ஜினை நின்ற இடத்திலேயே சூடாகும் வரை ஓடவிட்டார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. சூடு ஏற ஏற, பாயிண்ட் நடுவில் குட்டிக் குட்டியாக மின்னல் வெட்ட ஆரம்பித்தது. இருட்டில் நன்றாகத் தெரிந்தது.

"கண்டென்சரு" என்றார் பாய்.

கட்டைவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு தகர டப்பி அது. 0.2 மைக்ரோஃபாரட் அளவு. பாயிண்ட் திறக்கும்போது காயிலில் ஓடிக்கொண்டிருந்த கரண்ட் சும்மா நிற்காது, அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அப்படிக் குதிக்க விடாமல் அதைத் தன்னிடம் வாங்கிக்கொள்வது கண்டென்சர். அப்போதுதான் காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிந்து, பிளக்குக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கிடைக்கும். கண்டென்சர் உள்ளே கசிய ஆரம்பித்தால் பாயிண்ட்டில் பொறி பறக்கும், பிளக்கில் பொறி மெலியும். குளிர்ந்திருக்கும்போது நல்ல பிள்ளையாக இருந்து, சூடானதும் காலை வாரும் ரகமும் உண்டு. இவருக்கு வாய்த்தது அந்த ரகம். எல்லாவற்றிலும் விலை குறைவான ஸ்பேர் அதுதான். அதனாலேயே யோசிக்காமல் மாற்றியிருந்தார்.

மணி எட்டரை. இன்னொரு புதுசு வாங்கினால் அது மட்டும் நல்லதாக இருக்கும் என்று என்ன நிச்சயம்? பழசைத்தான் குப்பையில் போடச் சொல்லியாகிவிட்டதே என்று தலையில் கை வைத்தார்.

ஈசிசேரிலிருந்து சத்தம் வந்தது. "டேய், கட்டிலுக்குக் கீழ பாரு."

ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே கழற்றின பிளக், பாயிண்ட், வாஷர், ஸ்பிரிங், ஒரு வளைந்த நட்... எல்லாம் மண்ணெண்ணெயில் துடைத்து, சுத்தமாக. அடியில் அந்தக் கண்டென்சர். மூன்று மாதம் ஈசிசேரில் உட்கார்ந்து சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார் என்று எல்லாரும் நினைத்தது தப்பு.

"சொல்லியிருக்கலாம்லப்பா?"

"நீ கேக்கலயே."

பழைய கண்டென்சரை மாட்டினார்கள். வேறு எதையும் தொடவில்லை. ஒரு தடவைக்கு ஒண்ணு! இன்ஜின் சூடாகி முக்கால் மணி நேரம் ஆகியும் பாயிண்ட்டில் மின்னல் இல்லை. இருட்டிலேயே உட்கார்ந்து மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டம்மா வந்து, "கரண்ட் கட்டா?" என்று கேட்டார்கள்.

அடுத்த ஞாயிறு விடியற்காலையில் கிளம்பினார்கள். பின்சீட்டில் அப்பா, மடியில் துண்டு, கையில் தண்ணீர் பாட்டில். புது பிஸ்டன் என்பதால் நாற்பதுக்கு மேல் போகவில்லை. செக்கானூரணி வந்தது. கணக்கு சார் மூச்சைப் பிடித்துக்கொண்டார். புளியமரம் போனது. டீக்கடை போனது. கடைக்காரர் கையில் கிளாஸோடு எட்டிப் பார்த்தபடியே பின்னால் போனார். உசிலம்பட்டியும் போனது.

ஆண்டிப்பட்டி கணவாய் ஏற்றத்தில் முதுகில் ஒரு தட்டு. "நிறுத்து."

நெஞ்சு பக்கென்றது. "ஏம்ப்பா, கால் வலிக்குதா?"

"நிறுத்துடா. ஆஃப் பண்ணு."

ஆஃப் செய்தார். ஏறி வந்த இன்ஜின் அனல் அடித்தது. அப்பா மெதுவாக இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இப்ப உத" என்றார்.

அதுதானே பரீட்சை? ஆறின வண்டியை யார் வேண்டுமானாலும் ஸ்டார்ட் செய்யலாம். கணக்கு சார் அவசரமாகக் காலைத் தூக்கினார். "ஆம்பியர் முள்ளப் பாருடா மொதல்ல" என்று அதட்டல் வந்தது. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தி, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, டீகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் ஒரு துளி இறக்கி, விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே உதை. அப்பா 1972-லிருந்து செய்த வரிசை அதுதான்.

டப்... டப்... டப்.

"ம்" என்றார் அப்பா. ஏறி உட்கார்ந்தார்.

அணையில் இறங்கியதும் அங்கே நின்ற ஊழியரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி எத்தன அடி?" முழுக் கொள்ளளவு 71 அடி என்பதும், தான் இருந்தபோது எந்தெந்த வருஷம் எவ்வளவு வந்தது என்பதும் அப்புறம் ஒரு மணி நேரம் ஓடியது. அந்த ஊழியர் பாவம், நின்று கேட்டார். கணக்கு சார் வண்டி பக்கத்திலேயே நின்றார். ஹார்லிக்ஸ் பாட்டில் சைடு பாக்ஸில் பத்திரமாக இருந்தது.

திரும்பும்போது செக்கானூரணியில் வண்டி நின்றது. நிறுத்தினார் என்று சொல்ல வேண்டும். டீக்கடைக்காரர் ஓடி வந்தார். "என்னண்ணே, இன்னைக்கு என்ன ரிப்பேரு?"

"ரிப்பேர் இல்லண்ணே. ரெண்டு டீ. ஒண்ணு சக்கரை கம்மியா."

நோட்டில் அன்றைக்கு எழுதிய வரி: செய்தது: ஒன்றுமில்லை. நடந்தது: போய்விட்டு வந்தோம்.